பெரிய விளையாட்டுகளில் பிழைகள் மலிவது ஏன்?

வீடியோ விளையாட்டுகளில் பல வகை உண்டு. பந்தை அடிப்பது, காரை ஓட்டுவது, எதிரியைச் சுடுவது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. இவற்றோடு, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று ஒரு வகையும் இருக்கிறது. இதில் ஆடுபவர் ஒரு கதைமாந்தராகவே மாறிவிடுகிறார். வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ தம்மை அமைத்துக்கொண்டு ஒரு கற்பனை உலகில் உலவுகிறார். யாரோடு நட்புக் கொள்வது, யாரைப் பகைப்பது, எந்த ஊருக்குப் போவது என்பவற்றை அவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானங்களுக்கு ஏற்பக் கதை கிளை பிரிந்து செல்கிறது.

இந்த வகையில் பெரும் பொருட்செலவில் ஆக்கப்படும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு குறை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஆனால், விற்பனைக்கு வரும் நாளில் விளையாட்டு ஒழுங்காக ஓடுவதில்லை என்பதே அந்தக் குறை. செலவு ஏறியிருப்பது உண்மைதான். பெரிய விளையாட்டு ஒன்றை ஆக்க 20 கோடி டாலரும் அதற்கு மேலும் ஆகிறது என்று, பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவ்வளவு பணமும் திறமையும் கூடியிருந்தும் பிழைகள் மலிவது ஏன்? இதற்கு விடை தேடினால் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வாணிபமும் கலந்து வருகின்றன.

பழையவற்றில் பிழை இல்லையா?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். முற்காலத்து விளையாட்டுகள் குற்றமற்றவையாக இருந்தனவா? இல்லை. 1987-இல் ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேன்டசி என்னும் புகழ்பெற்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாத்திரங்களுக்கு 'அறிவு' என்று ஓர் அளவு உண்டு. அறிவு கூடினால் மந்திரத்தின் வலிமை கூட வேண்டும். ஆனால், புரோகிராமில் நேர்ந்த பிழையால் அந்த எண் எதற்குமே பயன்படவில்லை! 1996-இல் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட டேகர்ஃபால் விளையாட்டிலோ, சுரங்கங்களில் நடந்துகொண்டிருப்பவர் திடீரெனத் தரைக்குள் புகுந்து வெற்று வெளியில் விழுந்துவிடுவார்.

ஆகவே பிழை புதியதன்று. மாறியிருப்பது வேறொன்று. 1980-களின் விளையாட்டுகள் சில்லுகளில் பதிக்கப்பட்டு, பெட்டியில் செருகும் கட்டைகளாக விற்கப்பட்டன. பதித்ததை மாற்ற முடியாது. ஆட்டத்தை முன்னேற விடாமல் தடுக்கும் பெரும்பிழை ஒன்று இருந்துவிட்டால் விற்ற கட்டைகளையெல்லாம் திரும்பப் பெற நேரிடும். இந்த அச்சமே ஒரு தரக் கட்டுப்பாடாக இருந்தது. மேலும், அவை மிகச் சிறியவை. ஃபைனல் ஃபேன்டசி முழுவதும் 256 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 70 ஜிகாபைட் இடம் கேட்கிறது. இது ஏறத்தாழ 2 லட்சத்து 87 ஆயிரம் மடங்கு!

2020 டிசம்பரில் நடந்தது

இன்றைய நிலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சைபர்பங்க் 2077. இதை ஆக்கியது போலந்து நாட்டின் வார்சா நகரில் உள்ள சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம். 2015-இல் தி விட்சர் 3 என்ற விளையாட்டால் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது. சைபர்பங்க் பற்றிய முதல் அறிவிப்பு 2012-இல் வந்தது. 2020 ஏப்ரல் 16 அன்று வெளியாகும் என்று நாள் குறித்தார்கள். அது செப்டம்பர் 17-க்குத் தள்ளிப்போனது. பிறகு நவம்பர் 19-க்கு.

அக்டோபர் 5 அன்று, மூலத்தட்டு தயாராகிவிட்டது என்று நிறுவனம் அறிவித்தது. மூலத்தட்டு என்பது அச்சுக்குப் போகும் இறுதிப் படி போன்றது. அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றே பொருள் கொள்வார்கள். ஆனால், அதே மாத இறுதியில் வெளியீடு மறுபடியும் 3 வாரம் ஒத்திவைக்கப்பட்டது. 'முடிந்தது' என்ற சொல்லின் பொருள் தேய்ந்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டிசம்பர் 10 அன்று விளையாட்டு வெளிவந்தது. அதற்குமுன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டிப் பதிவு செய்திருந்தனர். வலிமை மிக்க கணிப்பொறிகளில் அது ஓரளவு நன்றாகவே ஓடியது. 2013-இல் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பெட்டிகளிலோ படம் தடுமாறியது; உருவங்கள் மங்கலாகத் தோன்றின; ஆட்டம் நடுவில் நின்றுபோனது. விமரிசகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கணிப்பொறிக்கான படியை மட்டுமே. ஆகவே பழைய பெட்டி வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழிந்ததும் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அந்த விளையாட்டை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அது மீண்டும் அந்தக் கடைக்கு வந்தது 2021 ஜூன் 21 அன்று.

கிளைகளின் கணக்கு

பல ஆண்டுகள் உழைத்தும் இப்படி நேர்வது எப்படி? முதல் காரணம் பெருக்கல்.

ஒரு கதையில் ஆடுபவர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று தீர்மானிக்க வேண்டிய இடங்கள் 20 என்று கொள்வோம். ஓர் இடம் என்றால் 2 நிலைகள். இரண்டு இடங்கள் என்றால் 4. மூன்று என்றால் 8. இருபது இடங்களுக்கு 2-ஐ 20 தடவை பெருக்க வேண்டும். விடை 10,48,576. ஒவ்வொரு நிலையையும் ஒரே ஒரு நிமிடம் சோதித்தால்கூட இரவு பகல் ஓயாமல் 728 நாட்கள் ஆகும். தீர்மானங்கள் 30 ஆனால் ஏறத்தாழ 2,040 ஆண்டுகள்!

உண்மையான விளையாட்டுகளில் தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எல்லாக் கிளைகளும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துச் சோதிப்பார்கள். ஆனாலும், பாதிக்காது என்று எண்ணிய இரண்டு கிளைகள் எங்கோ ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். பிழை அங்கேதான் பதுங்கியிருக்கும். நூறு சோதனையாளர்கள் ஓராண்டில் காணாத பிழையைப் பத்து லட்சம் பேர் முதல் நாளிலேயே கண்டுவிடுவதில் வியப்பில்லை.

ஆட்களைக் கூட்டினால் வேலை விரைவில் முடியாதா என்று கேட்கலாம். இதற்கு விடையை ஐபிஎம் நிறுவனத்தில் மாபெரும் புரோகிராம் ஒன்றை உருவாக்கும் பணியை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975-இலேயே சொல்லிவிட்டார். பிந்திப்போன புரோகிராம் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்றார் அவர். பத்துப் பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 45. நூறு பேரானால் 4,950. ஆட்கள் பத்து மடங்கு கூடினால் பேச்சு நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது!

தாவித் தாவி ஓடும் உலகம்

இரண்டாவது காரணம் இயற்பியலோடு தொடர்புடையது. திரைப்படத்தில் அசைவு என்பது வினாடிக்கு 24 அசையாப் படங்களின் வரிசை என்பதை அறிவீர்கள். விளையாட்டும் அப்படியே. ஆனால், அங்கே படங்கள் முன்பே எடுத்து வைக்கப்பட்டவை அல்ல. வினாடிக்கு 30 படங்கள் வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 33 மில்லி வினாடிக்குள் கணக்கிட்டு வரைந்தாக வேண்டும். கல் எங்கே விழும், கார் எவ்வளவு தூரம் நகரும் என்பதெல்லாம் அந்தக் கால அளவுக்குள் முடிவாக வேண்டும்.

இயற்கையில் காலம் தொடர்ச்சியாக ஓடுகிறது. கணிப்பொறியின் காலமோ தாவித் தாவிச் செல்கிறது. இதனால் என்ன கேடு என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டு நீங்களே பார்க்கலாம். ஒரு கல்லை உயரத்திலிருந்து விடுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 10 மீட்டர் என்று கொள்ளுங்கள். 2 வினாடியில் அது விழும் தூரம் 20 மீட்டர் என்பது பாடநூல் கணக்கு.

இப்போது கணிப்பொறியைப் போலச் செய்வோம். ஒரு தாவலின் தொடக்கத்தில் உள்ள வேகமே அந்தத் தாவல் முழுவதும் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். தாவல் 1 வினாடி என்றால், முதல் வினாடியில் வேகம் 0, தூரம் 0. இரண்டாம் வினாடியில் வேகம் 10, தூரம் 10. மொத்தம் 10 மீட்டர்தான்! தாவலை அரை வினாடி ஆக்கினால் 15 மீட்டர் வருகிறது. கால் வினாடி ஆக்கினால் 17.5 மீட்டர். பத்தில் ஒரு வினாடி என்றால் 19 மீட்டர். தாவல் சிறுக்கச் சிறுக்க விடை உண்மையை நெருங்குகிறது. ஆனால் வேலை அதிகமாகிறது. (நல்ல விளையாட்டுகள் இதைவிடத் திறமையான கணக்கு முறைகளைக் கையாளுகின்றன. ஆயினும், தாவலின் நீளம் விடையைப் பாதிக்கும் என்பது மாறுவதில்லை.)

இன்னொன்றும் பாருங்கள். வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு, வினாடிக்கு 30 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 10 மீட்டர் தாவுகிறது. நடுவில் 20 சென்டிமீட்டர் சுவர் இருந்தால்? ஒரு படத்தில் குண்டு சுவருக்கு இப்பால் இருக்கும். அடுத்த படத்தில் அப்பால் இருக்கும். மோதல் நடந்ததே கணிப்பொறிக்குத் தெரியாது! பாதை நெடுகச் சோதிக்கும்படி புரோகிராமில் தனியாக எழுதினால்தான் சுவர் சுவராக இருக்கும். மனிதர்கள் தரைக்குள் அமிழ்வதும் பொருள்கள் மதிலை ஊடுருவுவதும் பல வேளைகளில் இத்தகைய கணக்குப் பிழைகளே.

பெதஸ்டாவின் ஸ்கைரிம் என்ற விளையாட்டு 2011-இல் வந்தது. அதில் இயக்கக் கணக்கு வினாடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதைவிட வேகமாக ஓடும்படி செய்தவர்கள், மேசைமேல் இருந்த பாத்திரங்கள் தாமே துள்ளிப் பறப்பதைக் கண்டனர். அதே நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ஃபால்அவுட் 76-இல் ஒரு வேடிக்கை நடந்தது. குனிந்து தரையைப் பார்த்தபடி ஓடியவர்கள் மற்றவர்களைவிட வேகமாக ஓடினார்கள்! காரணம் எளிது. தரையை மட்டும் பார்த்தால் கணிப்பொறி வரைய வேண்டியது குறைவு. ஆகவே வினாடிக்கு அதிகப் படங்கள். ஓட்டத்தின் வேகம் படங்களின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்ததால் கால்களும் விரைந்தன. நிறுவனம் பின்னர் இதைத் திருத்தியது. ஏழாண்டு இடைவெளியில் வந்த இரு விளையாட்டுகளிலும் ஒரே வகைக் குறை இருந்தது என்பதே கவலை தருவது.

குறுகிய குழாய்

மூன்றாவது காரணம் கருவியின் எல்லை. ஒரு பெரிய நகரத்தின் காட்சிகள் முழுவதையும் விளையாட்டுப் பெட்டியின் நினைவகத்தில் நிரப்பிவைக்க முடியாது. பிளேஸ்டேஷன் 4-இன் நினைவகம் 8 ஜிகாபைட் மட்டுமே. ஆகவே ஆடுபவர் நகர நகர, முன்னே வரும் தெருவை ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். பின்னே போன தெருவை அழிக்க வேண்டும். நினைவகம் தொட்டி என்றால் ஹார்டு டிஸ்க் அதற்கு நீர் கொணரும் குழாய்.

அந்தக் குழாய் குறுகியது. பிளேஸ்டேஷன் 4-இல் அது வினாடிக்கு 50 முதல் 100 மெகாபைட் வரைதான் தரும். புதிய காட்சிக்கு 1 ஜிகாபைட் தகவல் வேண்டுமென்றால் குறைந்தது 10 வினாடி ஆகும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் 200 மீட்டர் கடந்துவிடும்! தகவல் வருமுன் கார் வந்துவிட்டால் தெரு வெறுமையாகவோ மங்கலாகவோ தெரியும். மேலும், அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்வது. ஒரு சுழற்சிக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய தகவல் சிதறிக் கிடந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தட்டு சுழன்று வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு படத்துக்கு உள்ள நேரமே 33 மில்லி வினாடி அல்லவா?

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சுழலும் தட்டே இல்லை. அங்கே குழாய் வினாடிக்கு 5.5 ஜிகாபைட் தருகிறது. 2021 ஜனவரியில் சிடி ப்ராஜெக்ட்டின் நிறுவனர்களுள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி ஒளிப்படப் பேச்சு ஒன்றில் வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார். கணிப்பொறிக்காகப் பெரிதாக ஆக்கியதைப் பழைய பெட்டிகளுக்குள் அடக்கும் வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். குழாயின் அளவு 2013-லிருந்தே தெரிந்த எண். நகரத்தின் அளவை முடிவு செய்தவர்கள் அவர்களே.

நேற்றைய திருத்தம், இன்றைய பிழை

இனி வாணிபத்துக்கு வருவோம். சில்லுக் கட்டைகளின் காலம் போய், இணையத்தின் வழியே திருத்தங்களை அனுப்பும் காலம் வந்தது. துணியில் கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போடுவது போன்றது இது. பயனுள்ள ஏற்பாடுதான், வாங்கியபின்னும் பொருள் சீராகிக்கொண்டே போகிறது. ஆனால், முன்பு இருந்த அச்சத்தை இது போக்கிவிட்டது. விற்பனை நாள் விளம்பரமாகிவிட்டது. பண்டிகைக் காலம் நெருங்குகிறது. பணமும் முன்பே வந்துவிட்டது. இந்நிலையில், 'இப்போது விற்போம், பிறகு திருத்துவோம்' என்ற எண்ணம் எளிதில் தலையெடுக்கிறது.

பிறகு திருத்துவதும் அவ்வளவு எளிதன்று. சைபர்பங்குக்கு 2021 ஜனவரியில் வந்த 1.1 என்ற திருத்தம், கதையின் ஒரு கட்டத்தில் ஆட்டமே நின்றுபோகும் புதிய பிழையைக் கொண்டுவந்தது. அதைத் திருத்தச் சில நாட்களிலேயே 1.11 வெளிவந்தது.

இந்த அவசரத்தின் சுமை உழைப்பவர்மேலும் விழுகிறது. கட்டாய மிகைவேலை இராது என்று 2019-இல் கூறியிருந்த அந்த நிறுவனம், 2020 செப்டம்பர் இறுதியில் வாரத்துக்கு 6 நாள் வேலை என்று தன் ஊழியர்களுக்கு அறிவித்தது. களைத்த கண் பிழையைக் காணத் தவறும். அத்தகைய கண்களைக் கொண்டு தரத்தை எப்படி உயர்த்துவது?

வேறு வழி உண்டா?

உண்டு. பெல்ஜியம் நாட்டின் லாரியன் நிறுவனம் பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டின் முதற்பகுதியை 2020 அக்டோபரில் விற்பனைக்கு வைத்தது. இது முழுமை பெறாதது, பிழைகள் இருக்கும் என்று முன்பே சொல்லி விற்றது. விரும்பியவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். அவர்கள் ஆடி ஆடிச் சொன்ன குறைகளைக் கொண்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செப்பனிட்டு, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு விளையாட்டும் வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசுகளையும் பெற்றது.

அதிலும் பிழை இல்லாமலில்லை. அதே மாதம் வந்த முதல் பெருந்திருத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்ட குறைகளைச் சரி செய்தது. கிளைகளின் கணக்கு யாரையும் விடுவதில்லை. ஆனால், கதையை இறுதிவரை ஆடி முடிக்க முடியுமா, சேர்த்துவைத்த ஆட்டம் அழியாமல் இருக்குமா என்ற அடிப்படைகள் பெரும்பாலோர்க்கு உறுதியாக இருந்தன. எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கான படி அப்போது தயாராகவில்லை. அதைத் தயார் என்று சொல்லி விற்காமல் 2023 டிசம்பர் வரை நிறுத்திவைத்தார்கள்.

சைபர்பங்க் 2077-உம் பிற்பாடு தேறியது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்துக்குப் பிறகு அது பலராலும் பாராட்டப்பட்டது. அதே மாதம் வந்த ஃபேன்டம் லிபர்ட்டி என்ற தொடர்ச்சி பழைய பெட்டிகளுக்கு வெளியிடப்படவே இல்லை. அதாவது, அந்தப் பெட்டிகளில் அந்த உலகம் முழுமையாக ஓடாது என்பதைச் செயலில் ஒப்புக்கொண்டார்கள். இதை 2020 டிசம்பருக்கு முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் ஏமாற்றம் அடைந்திருக்க மாட்டார்கள்.

தரம் என்றால் பிழையே இல்லாமை என்று எண்ணிவிட வேண்டாம். இயற்பியல் ஆய்வகத்தில் எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. அளந்தவர் அந்தப் பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. விளையாட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். எந்தக் கருவியில் எப்படி ஓடும், எது முடிந்தது, எது முடியவில்லை என்று விற்பவர் சொல்லியாக வேண்டும். வாங்குபவரும் விளம்பரப் படத்தை நம்பி முன்பணம் கட்டாமல், தம்மிடம் உள்ள அதே பெட்டியில் ஓடும் விளையாட்டைப் பிறர் ஆடிப் பார்த்துச் சொல்லும் வரை ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். முன்பணம் குறைந்தால், விற்பனை நாளுக்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும் என்ற பழைய அச்சம் நிறுவனங்களுக்குத் திரும்பி வரும்.